பெருநகரமும் பேருண்மையும்: மாண்ட்ரியான் கண்ட விடை

மெய்ப்பொருளைத் தேடுபவர் ஊரைத் துறந்துதான் ஆக வேண்டுமா என்பது சமயங்கள் பலவற்றில் நெடுங்காலமாக நிற்கும் கேள்வி. காடும் மலையும் பாலைவனமும் தவத்துக்கு உரியவை, நகரமோ மனத்தைச் சிதறடிப்பது என்பது பல மரபுகளின் பொதுவான எண்ணம். ஐரோப்பிய ஓவியத்திலும் இந்த எண்ணம் வலுவாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இயற்கைக் காட்சி ஓவியர்களில் பலர் இறைமையை மலைமுகட்டிலும் கடற்கரையிலும் தேடினர். இதற்கு நேர்மாறான விடையைத் தந்தவர் டச்சு ஓவியர் பீட் மாண்ட்ரியான் (1872–1944).

அவருக்கு முன்பே பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், 1863இல் வெளியான ‘நவீன வாழ்வின் ஓவியன்’ என்ற கட்டுரையில் ஓர் அடிப்படையை வகுத்திருந்தார். அழகில் என்றும் உள்ளது ஒரு பாதி, கணத்தில் மறைவது மறுபாதி. நகரத்தின் கணநேரக் காட்சிகளிலிருந்து நிலையானதைப் பிரித்தெடுப்பதே ஓவியரின் பணி என்றார் அவர். இம்ப்ரெஷனிச ஓவியர்கள் பாரிஸ் தெருக்களை வரைந்தனர். அவர்களில் ஒருவரான பிசாரோ 1897இல் ஒரு விடுதி அறையின் சன்னலிலிருந்து மோன்மார்த்ர் பெருஞ்சாலையைப் பகல், இரவு, மழை, வெயில் என மீண்டும் மீண்டும் தீட்டினார். கண்ணுக்குத் தெரியும் நகரத்தோடு இவர்கள் நின்றனர். அதற்கு அடியில் இருப்பது என்ன என்று கேட்டவர் மாண்ட்ரியான்.

அந்தக் கேள்வி அவருடைய சமயப் பின்னணியோடு பிணைந்தது. அவர் பிறந்தது கால்வினியக் குடும்பம். வழிபாட்டில் உருவங்களுக்கு இடம் தராத மரபு அது. 1909இல் அவர் பிரம்மஞான சபையின் நெதர்லாந்துக் கிளையில் சேர்ந்தார். அச்சபையின் உலகத் தலைமையகம் அப்போதே சென்னை அடையாறில் இருந்தது. புறத்தோற்றங்களுக்குப் பின்னே ஒரே ஒழுங்கு உண்டு, ஆவியும் பருப்பொருளும் எதிரெதிர் நின்று இசைவை நோக்கி நகர்கின்றன என்ற அச்சபையின் கருத்து அவருடைய சிந்தனையில் ஊன்றியது. செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் அந்த இருமையின் வடிவங்களாயின.

1912இல் பாரிஸில் குடியேறிய அவரைக் கவர்ந்தவை இடிபட்ட கட்டடங்களின் சுவர்கள். பக்கத்து வீடு இடிக்கப்பட்டதும் வெளித்தெரியும் சுவரில், மறைந்துபோன அறைகளின் நிறங்கள் கட்டம் கட்டமாக நிற்கும். இக்காட்சியிலிருந்து பிறந்த 1914ஆம் ஆண்டு நீள்வட்ட ஓவியம் ஒன்றில், சுவர் விளம்பரத்திலிருந்து வந்த ‘கூப்’ என்ற எழுத்துகளும் உள்ளன. அது ஒரு சூப்புக் கட்டியின் பெயர். அந்த அன்றாட விளம்பரத்தையும் அவர் விலக்கவில்லை. 1917இல் ‘டி ஸ்டைல்’ இதழில் தம் கோட்பாட்டை விளக்கியபோது, நவீனக் கலைஞருக்கு இயற்கையைவிடப் பெருநகரமே நெருக்கமானது என்று வாதிட்டார். இயற்கையில் ஒழுங்கு மறைந்து கிடக்கிறது. நகரத்திலோ மனித மனம் பொருளுக்கு ஏற்கெனவே ஒழுங்கைக் கொடுத்துவிட்டது என்பது அவர் கண்ட காரணம்.

இந்தச் சிந்தனை முழுமை பெற்றது நியூயார்க்கில். இரண்டாம் உலகப் போரால் 1940இல் அங்கு சென்ற அவர், 1942–43இல் ‘பிராட்வே பூகி வூகி’யை வரைந்தார். 127 செ.மீ. சதுரமான அந்த ஓவியத்தில், அவர் ஆண்டுக்கணக்கில் கையாண்ட கறுப்புக் கோடுகள் இல்லை. மஞ்சள் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அவற்றின் மீது சிவப்பு, நீலம், சாம்பல் நிறச் சிறு சதுரங்கள் துள்ளுகின்றன. மன்ஹாட்டன் தெருக்களின் அமைப்பும் போக்குவரத்தின் துடிப்பும் அதில் புலப்படும். பூகி வூகி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த பியானோ இசை. இடது கை ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, வலது கை கற்பனையாக விரிந்து செல்லும். மாறாததும் மாறுவதும் ஒன்றாக ஒலிக்கும் அந்த இசையில், போதலேர் சொன்ன இரு பாதிகளும் சேர்ந்தே கேட்கின்றன.

இந்த விடைக்குத் தடைகள் உண்டு. பெருநகரத்தின் ஓயாத தூண்டல்கள் மனத்தை மரத்துப்போகச் செய்கின்றன என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் ஜிம்மெல் 1903இலேயே எச்சரித்தார். அதே தூண்டல்களிலிருந்து ஒழுங்கை வடித்தெடுத்ததன் மூலம் மாண்ட்ரியான் இதற்குப் பதில் தந்துவிட்டார் எனலாம். இரண்டாவது தடை கடுமையானது. அவருடைய நகரத்தில் மனித முகங்கள் இல்லை. உழைப்பவரும் பசித்தவரும் இல்லை. கருணையை அறத்தின் உயிராகக் கொள்ளும் எந்தச் சமயமும் இந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

ஆகவே மாண்ட்ரியானின் விடை பாதி விடைதான். ஆனால் உறுதியான பாதி. தியானத்துக்கு நகரம் தடையல்ல, கூர்ந்த கவனம் இருந்தால் நெரிசல் மிகுந்த தெருவும் மெய்ப்பொருளுக்கு வழியாகும் என்பதை அவருடைய ஓவியங்கள் நிலைநாட்டுகின்றன. அந்தத் தெருவில் நடக்கும் மனிதரையும் சேர்த்துக் காண்பது அவருக்குப் பின்வந்த கலைக்கும் சிந்தனைக்கும் உரிய கடமை.