வென்றவனுக்கு அழகு

(கந்தசஷ்டி ஆறாம் நாள் மாலை, சூரன்போருக்கு முன்னர் ஆலய மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆறு நாட்களாக உபவாசம் இருந்து, வேலைக்கும் போய், பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு, இந்தக் கார்த்திகைக் குளிரில் இங்கே வந்து கூடியிருக்கிறீர்கள். வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. இன்னும் சிறிது நேரத்தில் சூரன் ஆடி ஆடி வரப்போகிறான். அதற்கு முன் ஒரு விடயத்தைப் பேசும்படி ஒரு தாயார் என்னைக் கேட்டுக்கொண்டார்.

கடந்த கோடையில் எமது ஊர்களுக்கிடையே நடந்த விளையாட்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் எமது பிள்ளை ஒருவன் வெற்றிக் கோலைப் போட்டான். போட்டவன் தன் அணியிடம் ஓடவில்லை. எதிரணியின் பெற்றோர் இருந்த பக்கம் ஓடி, வாயில் விரலை வைத்து "சத்தம் போடாதே" என்று சைகை காட்டினான். மற்றப் பிள்ளை வந்து தள்ளினான். பிறகு இரண்டு தகப்பன்மார் மைதானத்துக்குள் இறங்கினார்கள். இப்போது அன்னதான மண்டபத்தில் அந்த இரண்டு குடும்பங்களும் இரண்டு மூலையில் இருந்து சாப்பிடுகின்றன.

அந்தத் தாய் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, பிள்ளை கோல் அடிச்சதுக்குச் சந்தோசப்படவும் கூடாதோ? டெனிஷ்காரப் பிள்ளை செய்தால் விளையாட்டு, எங்கட பிள்ளை செய்தால் திமிர் என்கினம்."

இது நியாயமான கேள்வி. இதே கேள்வி அமெரிக்காவில் ஒரு நாடு முழுவதும் பேசப்பட்டது. 2023 ஏப்ரல் 2ஆம் திகதி, கல்லூரி மகளிர் கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் லூசியானா அணி ஐயோவா அணியை 102க்கு 85 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஏஞ்சல் ரீஸ் என்ற வீராங்கனை, எதிரணியின் நட்சத்திரமான கெய்ட்லின் கிளார்க்கைப் பார்த்து, முகத்தின் முன் கையை ஆட்டி, "நீ என்னைக் காணமுடியாது" என்ற பொருளில் சைகை காட்டினார். பலர் அவரை ஏசினார்கள். ஆனால் சில நாட்களுக்கு முன் இன்னொரு போட்டியில் அதே சைகையைக் காட்டியவர் கிளார்க். அப்போது அதைத் துணிச்சல் என்று புகழ்ந்தார்கள். கிளார்க் வெள்ளையினத்தவர், ரீஸ் கறுப்பினத்தவர். அளவுகோல் ஏன் மாறியது என்று பலர் கேட்டனர். தோற்ற கிளார்க்கே, ரீஸைக் குறை சொல்லக்கூடாது என்று கூறியது அவருடைய பெருந்தன்மை.

ஆகவே அந்தத் தாயின் மனவருத்தத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. எமது பிள்ளைகளை இரட்டை அளவுகோலால் அளப்பவர்கள் உண்டு. ஆனால் பிறர் எம்மை எப்படி அளக்கிறார்கள் என்பது ஒன்று. இறைவன் முன் நாம் எம்மை எப்படி அளக்கிறோம் என்பது வேறொன்று. இன்று இரண்டாவதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மகிழ்ச்சி பாவமல்ல. எமது சமயம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கச் சொல்லும் சமயமல்ல. காவடி ஆட்டத்தைப் பாருங்கள். தில்லைக் கூத்தனைப் பாருங்கள். எமது கடவுளே ஆடுகிறார்! சடை விரிந்து பறக்கிறது, கால் தூக்கியிருக்கிறது, உடல் முழுவதும் வேகம். ஆனால் முகத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு புன்னகையும் அமைதியும்தான். அத்துடன் காலின் கீழே யார் கிடக்கிறான் என்றும் பாருங்கள். முயலகன். சைவ சித்தாந்தம் அவனை ஆணவத்தின் உருவமாகக் கொள்கிறது. ஆனந்த நடனம் ஆணவத்தின் மேல் நின்று ஆடப்படுகிறது. பிள்ளைகளே, நீங்களும் ஆடுங்கள். ஆடும்போது ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: என் காலின் கீழே இருப்பது என் ஆணவமா, அல்லது இன்னொரு மனிதனா?

இந்த டென்மார்க் நாட்டு அணியின் ஆட்டங்களிலேயே இரண்டு காட்சிகளை நாங்கள் கண்டிருக்கிறோம். 2012இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் போர்த்துக்கலுக்கு எதிராக நிக்லாஸ் பென்ட்னர் இரண்டு கோல் போட்டார். நல்ல ஆட்டம். ஆனால் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டுக் காற்சட்டையைக் கீழே இறக்கி, ஒரு பந்தயக் கம்பனியின் பெயர் பொறித்த உள்ளாடையைக் காட்டினார். ஐரோப்பியச் சம்மேளனம் ஒரு இலட்சம் யூரோ அபராதமும் ஒரு போட்டித் தடையும் விதித்தது. டென்மார்க் அந்தப் போட்டியில் 2க்கு 3 என்று தோற்றது. இன்று அந்தக் கோல்களைவிட உள்ளாடைதான் பலருக்கு நினைவில் நிற்கிறது.

மற்றக் காட்சி 2021 ஜூன் 12, கொப்பன்ஹேகன் பார்க்கன் மைதானம். ஃபின்லாந்துடன் ஆட்டம். முதற்பாதி முடிய முன் கிறிஸ்டியான் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். அணித்தலைவர் சீமொன் கெயரும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். பிறகு வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்று, கமராக்கள் அவரைப் பார்க்காதபடி மறைத்தார்கள். பலர் அழுதுகொண்டே நின்றார்கள், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அரங்கில் ஃபின்லாந்து இரசிகர்கள் "கிறிஸ்டியான்" என்று கூவ, டென்மார்க் இரசிகர்கள் "எரிக்சன்" என்று பதில் கொடுத்தார்கள். எரிக்சன் பிழைத்துக்கொண்டார்.

அன்றிரவே ஆட்டம் மீண்டும் தொடங்கியது. யோயல் பொஹ்யன்பாலோ என்ற ஃபின்லாந்து வீரர் தலையால் முட்டிக் கோல் போட்டார். ஃபின்லாந்தின் ஆண்கள் அணி இப்படிப்பட்ட பெரிய போட்டித் தொடர் ஒன்றில் போட்ட முதலாவது கோல் அதுதான். ஒரு நாடே காத்திருந்த கோல். ஆனால் அவர் அதைக் கொண்டாடவில்லை. எதிரே நிற்பவர்களின் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். எந்த விதியும் அவரைத் தடுக்கவில்லை. உள்ளே இருந்த ஏதோ ஒன்று தடுத்தது. அதைத்தான் வள்ளுவர் அடக்கமுடைமை என்று ஒரு அதிகாரமாகவே வைத்தார்.

1,100 நாட்கள் கழித்து, 2024 ஜூன் 16இல், அதே ஐரோப்பியக் கிண்ணத் தொடரில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக எரிக்சன் கோல் போட்டார். அவர் மகிழ்ந்தபோது அந்த மகிழ்ச்சியில் எவருக்கும் வலி இருக்கவில்லை. அதுவும் கொண்டாட்டம்தான், இதுவும் கொண்டாட்டம்தான். வித்தியாசத்தைப் பிள்ளைகள் நன்றாகவே உணர்வார்கள்.

பாடசாலையில் உங்களுக்கு "யந்தலோவ்" பற்றிச் சொல்லியிருப்பார்கள். டென்மார்க்கில் பிறந்த அக்செல் சாண்டெமோஸ 1933இல் தன் நாவலில் எழுதியது. "நீ பெரியவன் என்று நினையாதே" என்பது அதன் சாரம். அடக்கமும் இதுவும் ஒன்றுதானே என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டான். இல்லை. அது ஊர் சேர்ந்து ஒருவன் தலையில் அழுத்துவது. அடக்கம் என்பது வலிமை உள்ளவன் தன் வலிமையைத் தானே பிடித்து வைத்திருப்பது. கோல் போடத் தெரியாதவனுக்கு அடக்கம் தேவைப்படுவதில்லை. போட்டவனுக்குத்தான் அது அழகு.

இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024 டிசம்பர் 12இல், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் உலகச் சதுரங்கச் சம்பியன் ஆனான். எதிரே இருந்த டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டதும் இவன் அழுதான், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே என்ன செய்தான் தெரியுமா? பலகையில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆரம்ப நிலையில் ஒழுங்காக அடுக்கினான். பின்னர் பேசும்போது முதலில் டிங்கைப் புகழ்ந்தான். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், எமக்கு அருகிலுள்ள நோர்வேயில், மக்னஸ் கார்ல்சனை அவன் வென்றான். கார்ல்சன் ஆத்திரத்தில் மேசையில் ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. குகேஷ் பதிலுக்கு ஒரு சைகையும் காட்டாமல் எழுந்து அப்பால் சென்றான். கார்ல்சனும் பின்னர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அடக்கம் என்றால் உணர்ச்சி இல்லாமை அல்ல. அழலாம். ஆனால் கை தன் கடமையைச் செய்யவேண்டும்.

இனி, நாம் கூடியிருக்கும் காரணத்துக்கு வருவோம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தை ஊரில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முருகன் போருக்கு முன் வீரவாகு தேவரைத் தூது அனுப்பினார். எதிரிக்கு முதலில் வழி கொடுத்தார். சூரன் கேட்கவில்லை. கடைசியில் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் அதை இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவுகள் மயிலும் சேவலுமாகச் சீறி வந்தன. அப்போது முருகன் என்ன செய்தார்? அருட்பார்வை செய்தார். மயிலைத் தன் வாகனமாக்கினார், சேவலைத் தன் கொடியில் ஏற்றினார். தோற்றவனைத் தன் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்! உலகத்தில் இதற்கு ஒப்பான வெற்றிக் கொண்டாட்டம் எங்கே உண்டு?

சூரனை ஆணவ மலம் என்பர் பெரியோர். ஆணவம் அழிவதில்லை, அதன் வலி அடங்கும் என்பது சித்தாந்தம். அதனால்தான் வருடாவருடம் சூரன்போர் நடக்கிறது. பிள்ளைகளுக்கு மாத்திரமல்ல. பன்னிரண்டு புள்ளி எடுத்த மகளைப் பற்றி, எடுக்காத பிள்ளையின் தாய்க்கு முன்னால் பேசுகிறோமே, அங்கும் சூரன் நிற்கிறான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வென்ற பக்கம் தோற்ற பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறதே, அங்கும் நிற்கிறான். மைதானத்தில் இறங்கியது பிள்ளைகள் மட்டுமல்ல என்பதை மறக்கவேண்டாம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் இளவயதில் நான் கரப்பந்தாட்டம் ஆடினேன். ஒரு மாலை, கடைசிப் புள்ளியை அடித்துவிட்டு, எதிரே நின்ற என் வகுப்புத் தோழனை அவனது தாய் தகப்பன் முன்னிலையில் பழித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நாளை மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். பிறகு காலம் மாறியது, ஆளுக்கொரு திசையாகச் சிதறினோம். அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியாது. அன்றைய புள்ளிக் கணக்கு எனக்கு மறந்துவிட்டது. அவன் முகம் மறக்கவில்லை.

தம்பிமாரே, உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம். நீங்கள் இருவரும் ஒரே மண்டபத்தில் இருக்கிறீர்கள். நாளை திருக்கல்யாணம். சுவாமி மயில் வாகனத்தில் வீதிவலம் வருவார். முன்னால் வலது தோளுக்கு ஒருவர், இடது தோளுக்கு ஒருவர் தேவை. அந்த இரண்டு இடத்தையும் உங்கள் இருவருக்காக வைத்திருக்கிறோம். ஒருவர் மற்றவரைவிட உயர்த்திப் பிடித்தால் சுவாமி சரிந்துவிடுவார். இருவரும் ஒரே உயரத்தில் பிடித்தால்தான் முருகன் நேராக வருவார். தகப்பன்மார் பின்னால் தோள் கொடுங்கள்.

முருகன் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.