நாங்களும் அப்படித்தான் வந்தோம்

எங்கள் தெரு நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடி, ஒரு புத்தகத்தை ஆளுக்குக் கொஞ்சமாக வாய்விட்டுப் படிக்கிறோம். சென்ற மாதம் தொ. பத்தினாதனின் ‘போரின் மறுபக்கம்’. மன்னார் மாவட்டத்தில் பிறந்து 1990-இல் அகதியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அவர். இங்கே வாழ்ந்த முகாம் வாழ்க்கையை எழுதினார்; 2007-இல் காலச்சுவடு வெளியிட்டது. ஈழப்போரைப் பற்றி நாம் படித்தது ஏராளம். அதிலிருந்து தப்பி நம் ஊருக்கே வந்தவர்கள் நம்மிடையே எப்படி இருந்தார்கள் என்று உள்ளேயிருந்து சொன்ன புத்தகங்கள் மிகக் குறைவு.

படித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு நான்தான் ஆரம்பித்தேன்: “எங்க ஆயாவும் இப்படித்தான் வந்துச்சு.”

ஆயா வந்தது பர்மாவின் ரங்கூனிலிருந்து. 1962-இல் அங்கே ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் மளிகைக் கடையும் போயிற்று, கையிருப்பும் போயிற்று. கப்பலேறும் இடத்தில் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். ஆயா இதை அழுது சொல்லிக் கேட்டதில்லை. பர்மா உணவான அத்தோவைப் பிசைந்துகொண்டே, ஊர்க்கதை மாதிரி சொல்லும். ஆனால் ரேஷன் கார்டை மட்டும் யாரிடமும் கொடுக்காது. பகலில் சுருக்குப்பையில், இரவில் தலையணைக்கடியில். ‘கெழவிக்குப் பிடிவாதம்’ என்று சிரிப்போம். முகாமில் அட்டையைக் காட்டி, பெயர் கூப்பிடும்போது நேரில் நின்றால்தான் பணக்கொடை கிடைக்கும் என்று வாழ்ந்தவர்களின் கதையைக் கேட்டபோது அந்தப் பிடிவாதம் என்னவென்று எனக்கு விளங்கியது.

நான் சொன்னதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பஞ்சம் பிழைக்க ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம், அணைக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம். நல்ல பேச்சுதான். ஆனால் கால் மணி நேரத்தில் பத்தினாதன் எங்கோ போய்விட்டார். எங்கள் கதைகளை நாங்களே கேட்டுக்கொண்டிருந்தோம். ‘நாங்களும் அப்படித்தான்’ என்பது அடுத்தவர் கதைக்குள் நுழையும் வாசல். அங்கேயே உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பவருக்குத்தான் வழி அடைபடும்.

வித்தியாசத்தைப் பார்ப்போம். ஆயாவை இந்திய அரசு ‘தாயகம் திரும்பியவர்’ என்று ஏற்றுக்கொண்டது. கடனும் குடியிருப்பும் கிடைத்த குடும்பங்கள் பல. 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே, அப்படித் திரும்பியவர்களுக்காகப் பர்மா பஜார் எழுந்தது. என் அப்பா அரசு வேலைக்குப் போனார், ஓட்டுப் போட்டார். ஒரே தலைமுறையில் எங்கள் அகதிக் கதை முடிந்துவிட்டது.

இலங்கையிலிருந்து படகுகள் வரத் தொடங்கியது 1983-இல். நாற்பது ஆண்டுகள் கடந்தும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கெடுபிடிகள் இறுகின. மேற்படிப்புக் கதவும் பல பிள்ளைகளுக்கு மூடியது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே 1995-இல் மண்டபம் முகாமில் அகதித் தாய் தகப்பனுக்குப் பிறந்து, இலங்கையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் இன்னும் அகதி. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் சிலருக்கு வழிவிட்டது. அதில் இலங்கை இல்லை. முகாம்களில் மலையகத் தமிழரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பூட்டன் பூட்டி இந்த மண்ணிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். ‘தாயகம் திரும்பியவர்’ என்று ஆயாவைச் சொல்லலாம், இவர்களைச் சொல்லக்கூடாது என்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆயாவும் முகாமில் இருப்பவர்களும் பட்ட துயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்குப் பின் அரசு கொடுத்த காகிதத்தில்தான் வேறுபாடு. ஒரு கதை மனதைத் தொட்டது என்றால், அதைச் சொன்னவருக்குக் கிடைக்காதது நமக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். எழாவிட்டால் அந்த உருக்கத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

உங்கள் மாவட்டத்தில் முகாம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் விசாரியுங்கள். அங்கே இருக்கும் ஒருவரை உங்கள் அடுத்த வாசிப்புக்குக் கூப்பிடுங்கள். அவர் பேசட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அவர்களுடைய குடியுரிமை என்னவாயிற்று என்று கேளுங்கள்; அவர்களிடம் ஓட்டு இல்லை, நம்மிடம் இருக்கிறது.