சம்பளச் சீட்டு இல்லாதவர்

சிங்கப்பூரில் 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், விருப்பமின்றி வேலை இழந்தவருக்கு ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 6 மாதமாவது அவர் வேலை பார்த்திருக்க வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கான முழுநேரப் பயிற்சிப் படியும் முந்தைய வருமானத்தில் பாதி, உச்சவரம்பு மாதம் 3,000 வெள்ளி. தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டில் பதினைந்து ஆண்டுகளாக மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணுக்குப் பாதி போட வருமானமே இல்லை. கணவருக்கு ஆட்குறைப்பு என்றால் அவர் வழியாகவாவது வீட்டுக்குப் பணம் வரும். கணவர் இறந்துவிட்டாலோ, நோயில் படுத்துவிட்டாலோ, பிரிந்துபோனாலோ அதுவும் இல்லை. வீட்டு வருமானம் மொத்தமும் போன பிறகும், ஏட்டில் அந்தப் பெண் எதையும் இழக்காதவர்.

இதே நாட்டின் மாதர் சாசனம் வேறு விதமாகப் பேசுகிறது. மணமுறிவில் சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டைப் பராமரித்ததையும் குடும்பத்தைப் பேணியதையும் பங்களிப்பாகக் கணக்கில் எடுக்கும்படி அதன் 112ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. பிரியும்போது மதிப்புள்ள உழைப்பு, பிழைப்புத் தேடும்போது மட்டும் எப்படிப் பூஜ்யமாகிறது?

வேலை பார்க்காதவருக்கு வேலையிழப்பு உதவி எதற்கு என்று கேட்கலாம். இது சந்தா கட்டிப் பெறும் காப்பீடாக இருந்தால் அந்தக் கேள்வி நிற்கும். ஆனால் பணம் அரசின் பொது நிதியிலிருந்து வருகிறது. 9 விழுக்காடு ஜிஎஸ்டி செலுத்தி அரிசி வாங்கும் இல்லத்தரசிக்கும் அதில் பங்குண்டு. 25 வயதைக் கடந்த குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை இருக்கிறதே, 40 தாண்டியோருக்கு 2024இல் கூடுதலாக 4,000 வெள்ளி தந்தார்களே என்பது இன்னும் வலுவான வாதம். உண்மைதான், கட்டணம் அடைபடும். ஆனால் அந்தத் தொகை பயிற்சி நிலையத்துக்குத்தான் போகும். வகுப்பு நடக்கும் மாதங்களில் மின்கட்டணத்தை யார் கட்டுவது, மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்கு யார் கூட்டிப்போவது? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காம்கேர் உதவி அடுப்பெரிய வைக்கும், அதன் நோக்கம் அவ்வளவுதான். சிண்டா பார்த்துக்கொள்ளட்டும் என்பாரும் உண்டு. 1991இல் தொடங்கிய அந்த அமைப்பு, இந்திய ஊழியர்களின் சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவையும் நம்பி நடப்பது. அதன் உதவி இந்தியர்களுக்கு. இந்தச் சிக்கலோ எல்லா இனத்து வீடுகளிலும் இருக்கிறது.

இத்தகைய பெண்களுக்கும் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தந்தால், வேலைக்கே போகாத எல்லாரும் வரிசையில் நிற்பார்களே என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. அதற்கு வரம்பு வைக்கலாம்: இறப்புச் சான்றிதழோ மருத்துவச் சான்றோ பிரிவுக்கான ஆவணமோ கேட்கலாம், வகுப்பு வருகையைக் கட்டாயமாக்கலாம். தொகைக்கும் புதிய அளவுகோல் தேவையில்லை. வேலை தேடுவோர் திட்டத்தின் கடைசி மூன்று மாதங்களில் கிடைக்கும் உச்சத்தொகை மாதம் 750 வெள்ளி. அதையே பயிற்சி முடியும்வரை நிலையாகத் தரலாம். படித்தும் சிலருக்கு வேலை கிடைக்காமல் போகலாம். ஆட்குறைப்பில் வந்தவரிடமும் அந்த உத்தரவாதத்தை யாரும் கேட்பதில்லை.