கொக்கியின் எடை

அரக்கோணத்தில் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. பகலில் பெயின்ட் டப்பாவும் பைப் கட்டும் கிடக்கும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிய பிறகு மேசையை மட்டும் ஒழித்து, விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். போன ஐப்பசி முழுக்க அந்த மேசையில் நான் செய்தது, உலகத்தில் எங்குமே இருந்திராத ஒரு விமானம். இந்தியக் கடற்படையின் மருத்.

மருத் இருந்தது உண்மை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு ஃபோக்க வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-இல் பெங்களூருக்கு வந்து உருவாக்கிய போர் ஜெட் அது. 1961 ஜூன் 17 அன்று முதல்முறை பறந்தது. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மேலே போரிட்டது. ஆனால் அது விமானப்படையின் விமானம். கப்பல் பக்கமே போனதில்லை.

அதே 1961-இல், மார்ச் 4 அன்று, பெல்ஃபாஸ்ட்டில் ஐ.என்.எஸ். விக்ராந்த் நம் கடற்படையில் சேர்ந்தது. மே 18 அன்று லெப்டினன்ட் தஹிலியானி அதன் தளத்தில் முதல் ஸீ ஹாக் ஜெட்டை இறக்கினார். பிற்பாடு அவர் கடற்படைத் தளபதியாகவே ஆனார். ஆக, நம்முடைய முதல் விமானந்தாங்கிக் கப்பலும், இந்தியாவில் வடிவமைத்த முதல் போர் ஜெட்டும் மூன்றரை மாத இடைவெளியில் புறப்பட்டவை. ஒன்றையொன்று தொட்டதே இல்லை. இந்தச் செய்தி எனக்குள் பல வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

நடக்காததை நடந்ததாக வைத்துச் செய்யும் மாடல்களை ‘வாட் இஃப்’ என்பார்கள். எனக்குள் நான் அதை ‘ஒருவேளை விமானம்’ என்று சொல்லிக்கொள்வேன். உலகமெங்கும் இதற்கு ஆட்கள் உண்டு. பிரிட்டன் 1966-இல் கைவிட்ட சிவிஏ-01 என்ற விமானந்தாங்கிக் கப்பல் கட்டத் தொடங்கப்படவே இல்லை. அதிலிருந்து கிளம்பியிருக்கக்கூடிய ஜெட்டுகளை இன்றைக்கும் அங்கே யாராவது ஒருவர் மடியில் துண்டை விரித்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

இதில் எனக்குக் கண்டிப்பு அதிகம். பெட்டியில் வந்த விமானத்துக்குச் சாம்பல் நிறம் அடித்து, கடற்படையின் 300-ஆம் அணிச் சின்னமான பாயும் வெள்ளைப் புலியை ஒட்டி, கடற்படை விமானம் என்று அலமாரியில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. அது வேஷம். ஒரே ஒரு பொய்க்குத்தான் அனுமதி. மற்றதெல்லாம் அந்தப் பொய்யிலிருந்து பிறந்த உண்மையாக இருக்க வேண்டும்.

தரை விமானத்தைக் கடலுக்கு அனுப்புவது சாமானியமான காரியமில்லை. ஓடுபாதையில் இறங்கும் விமானி கடைசி நேரத்தில் மூக்கைச் சற்றுத் தூக்கி, சக்கரத்தை மெதுவாகத் தரையில் விடுவார். கப்பலில் அதற்கெல்லாம் இடமில்லை. வந்த வாக்கிலேயே தளத்தில் அடித்து இறங்க வேண்டும். வாலுக்கடியில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பிடிக்க வேண்டும். பிடி தவறினால் திரும்பப் பறந்தாக வேண்டுமே, அதனால் சக்கரம் தொட்ட கணத்தில் விமானி எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுவார். நிற்பதற்காக இறங்கும் விமானம், பறப்பதற்கான முழு ஆயத்தத்தோடு இறங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அந்த அடியைத் தாங்கக் கால்கள் பருக்க வேண்டும். வடத்தின் இழுப்பை வாங்க உடம்பின் எலும்பு உரம் பெற வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் அடங்க இறக்கை மடங்க வேண்டும். மடங்கும் இடத்தில் கீல், கீலுக்குப் பூட்டு, பூட்டைத் திறக்க ஒரு பொறி. எல்லாமே எடை. கடலுக்குப் போகிற ஆசைக்கு எடைதான் விலை.

நம் கண்முன்னே நடந்ததுதானே தேஜஸின் கதை. அதன் கடற்படை வடிவம் 2012 ஏப்ரல் 27 அன்று முதலில் பறந்தது. தரைக்காக வரைந்த விமானத்தில் காலையும் கொக்கியையும் வலுவையும் ஏற்ற ஏற்ற எடை கூடிப்போனது. எடை அதிகம், இது கப்பலுக்கு ஆகாது என்று 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அப்படியும் 2020 ஜனவரி 11 அன்று அந்த விமானம் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவின் வடத்தைப் பிடித்து நின்றது. அன்றைக்கு அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. விக்ரமாதித்யா இந்தியாவுக்கு வருவதற்கு முன் அதன் பெயர் அட்மிரல் கோர்ஷ்கோவ். யாக்-141 என்ற ஜெட், செங்குத்தாக இறங்கவும் ஒலியை மிஞ்சிப் பறக்கவும் வல்லது, 1991 அக்டோபர் 5 அன்று அந்தத் தளத்தில்தான் மோதித் தீப்பிடித்தது. விமானி பிழைத்தார். திட்டம் பிழைக்கவில்லை. ஒரே கப்பலின் மேல் இத்தனை ஒருவேளைகள்.

மருத்துக்கு வருகிறேன். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் அது 22 சென்டிமீட்டர் நீளம், பன்னிரண்டரை சென்டிமீட்டர் இறக்கை. உள்ளங்கையிலிருந்து முழங்கைப் பக்கம் கொஞ்சம் நீட்டி வைக்கலாம். இறக்கையை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, வெட்டு வாய்க்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். கீலுக்குப் பித்தளைத் தகட்டுத் துண்டு. காலின் தடித்த பகுதிக்குத் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில். கொக்கிக்கு, கடையில் சாமான் கட்டி வரும் கம்பியில் மூன்று சென்டிமீட்டர், நுனியைச் சுத்தியால் தட்டி வளைத்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மருத் முழுச் சுமையோடு கிட்டத்தட்ட 11 டன். ஸீ ஹாக் 7 டன் சொச்சம்தான். கப்பல் காற்றை எதிர்த்து ஓடும் வேகமும் நீராவிக் கவணின் தள்ளலும் சேர்ந்துதான் விமானத்தைத் தளத்திலிருந்து கிளப்பும். 1971-இல் விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் ஓட முடியாத கப்பல். போதாததற்கு மருத்தின் எஞ்சின் வேறு நோஞ்சான். ஒலியைப் போல இருமடங்கு வேகத்துக்காக வரைந்த உடம்பு அது. அதற்காக நினைத்திருந்த வலுவான ஆர்ஃபியஸ் எஞ்சினை மேம்படுத்தும் செலவை அரசு ஏற்கவில்லை, சாதாரண ஆர்ஃபியஸ் இரண்டை வைத்தே காலம் தள்ளியது. இந்த மருத்தை அந்த டிசம்பரில் அந்தக் கப்பலிலிருந்து அனுப்பினால் நேராகக் கடலுக்குள்தான் போகும். கொக்கி வைத்தது ஒரு பொய். எஞ்சினையும் மாற்றினால் இரண்டு. கொதிகலனையும் சரிசெய்தால் மூன்று. பத்து நாள் மேசைப் பக்கம் போகவில்லை.

அந்தப் பத்து நாளில்தான் இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது. 2003-இல், டிப்ளமோ முடித்த கையோடு, விமான பாகங்கள் செய்யும் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. பதினொரு வயதில், எங்கள் ஊரில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் திறந்த 1992-லிருந்து, எங்கள் ஓட்டுக் கூரையை அதிரவைத்துக்கொண்டு போகும் துப்போலெவ்-142களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். சேர வேண்டிய தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. தங்கை காலேஜில் முதல் வருடம். நான் கடையில் உட்கார்ந்தேன். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

போகாத அந்த வாழ்க்கையை இருபது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் காலை ஏழு மணிப் பனி இருக்கும், ஹாங்கர் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், கையில் அலுமினிய வாசனை அடிக்கும். அவ்வளவு காலமும் அந்தச் சித்திரத்தில் அப்பா எங்கே இருந்தார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனது யார்? கடன் வைத்தவர்களிடம் போய் நின்றது யார்? அந்த வாழ்க்கைக்குக் காலும் இல்லை, கொக்கியும் இல்லை. வெறும் பெயின்ட். எந்த வேஷத்தை மேசையில் மன்னிக்க மாட்டேனோ அதையே என் ஆயுசில் பாதி நேரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

சரி, அதையும் மாடல் மாதிரியே ஒழுங்காகச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு பொய்: நான் பெங்களூர் போய்விட்டேன். இனி அதிலிருந்து பிறப்பதெல்லாம் உண்மை. கடை விற்றுப்போயிருக்கும். தங்கையின் படிப்பு நின்றிருக்கும். கிடைத்த இடத்தில் கட்டிக்கொடுத்திருப்போம். அப்பா இடது கையால் எழுதப் பழகி, பேரேட்டில் முதல் வரியாக ‘சுண்ணாம்பு 2 மூட்டை’ என்று கோணல் கோணலாக எழுதினாரே, அதை நான் பார்த்திருக்க மாட்டேன். ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஏற்றி முடித்தபோது அந்த வாழ்க்கை அசையக்கூட முடியாமல் கிடந்தது. நிம்மதியாக இருந்தது. போகாதது சரிதான் என்று எழுந்துபோய் மறுபடி மருத்தைக் கையில் எடுத்தேன்.

கார்த்திகை தீபத்துக்குத் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது திருத்தணியில் பள்ளிக்கூட ஆசிரியை. பையன் மாடிக்கு ஓடிவந்து, “மாமா, இதோட றெக்கை ஏன் மாமா உடைஞ்சிருக்கு?” என்றான். உடையவில்லை, மடங்கியிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலேயே அகலும் தீப்பெட்டியுமாக வந்து ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தாள். திரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவளிடம், வாய் தவறிக் கேட்டதுபோல்தான் கேட்டேன்.

“நான் அப்போ பெங்களூர் போயிருந்தா உன் படிப்பு நின்னுபோயிருக்கும், இல்லம்மா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எதுக்குண்ணா நிக்கணும்? அத்தைதான் வந்து கூட இருக்கேன்னு சொன்னாங்களே. காலையில காலேஜ், சாயந்தரம் கடைன்னு நான் பார்த்திருப்பேன். உன்கிட்டயும் சொன்னேன். நீதான் காதுலயே போட்டுக்கல.”

“எப்போ சொன்னே?”

“ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். அப்பாவும் தலையை ஆட்டினாரு.” அகலை ஏற்றிவிட்டுக் குச்சியை ஊதி அணைத்தாள். “அதனால என்னண்ணா. நீ இருந்ததும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் சொன்னது எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. ஆனால் அவள் பொய் சொல்லும் ஆளில்லை. அத்தை அந்த வாரம் மூட்டை முடிச்சோடு வந்து திரும்பிப்போனது மட்டும் மெல்ல நினைவுக்கு வந்தது. ஆக, முதலில் எடையே இல்லாமல் கட்டினேன், ஏங்குவதற்கு. பிறகு தாங்க முடியாத எடையை ஏற்றிக் கட்டினேன், தேற்றிக்கொள்வதற்கு. இரண்டுக்கும் நடுவே, உள்ளபடியான எடையோடு, அது பறந்திருக்கும். தள்ளாடித்தான் கிளம்பியிருக்கும். அத்தையோடு சண்டை வந்திருக்கும், தங்கை அரியர் வைத்திருப்பாள், அப்பா என்மேல் மனத்தாங்கலோடு இருந்திருப்பார். ஆனாலும் பறந்திருக்கும். இதை ஒப்புக்கொண்ட அந்த ராத்திரி, இருபது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கடிதத்துக்காக அழுதேன். அதுவரை ஏங்கியிருக்கிறேன், அழுததில்லை.

மருத்தின் பொய்யைக் கொக்கியிலிருந்து எஞ்சினுக்கு மாற்றினேன். அரசு அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது, வலுவான எஞ்சின் வந்தது: அது ஒன்றுதான் பொய். அப்படிப்பட்ட விமானத்தைக் கடற்படை கேட்டிருக்கும் என்பது அதன் விளைவு. அந்த எஞ்சின் குடிக்கிற எண்ணெய்க்கு இறக்கைக்கடியில் பெரிய தொட்டிகள் இரண்டு வைத்தேன். கொதிகலனைத் தொடவில்லை. 1971 டிசம்பரில் என் மருத் கப்பலில் இருக்காது. கோவாவில் கரையிலேயே நிற்கும். விக்ராந்தில் ஸீ ஹாக்குகள்தான் போகும், காக்ஸ் பஜாருக்கும் சிட்டகாங்குக்கும், நடந்தபடியே. கொதிகலன் சரியாகி, காற்றும் நன்றாக வாய்க்கிற ஒரு நாள் வரும்வரை என் விமானம் காத்திருக்க வேண்டும்.

கொக்கியை முதலில் வயிற்றோடு சேர்த்து மடக்கித்தான் ஒட்டியிருந்தேன். அலமாரியில் வைக்க அதுதான் வசதி. பிளேடால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். பழைய பசையை உப்புத்தாளால் வழித்துவிட்டு, துளி ஃபெவிக்விக் வைத்து, கொக்கியைக் கீழே இறங்கின நிலையில் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே நூறு எண்ணினேன். ஜன்னல் திட்டில் கடைசி அகல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.