படிப்பு ஏறாது என்று யார் சொன்னது?

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையைப் பார்த்து, “உனக்கெல்லாம் படிப்பு ஏறாது, போய் மிளகு பறி” என்று சொல்கிறவர்கள் கொல்லிமலையிலும் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து சொல்கிறவர்களும் உண்டு. செம்மேட்டுத் தம்பியே, சோளக்காட்டுத் தங்கையே, அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே! அது பொய்.

படிப்பதற்கென்று தனி உறுப்போடு உலகத்தில் எவரும் பிறக்கவில்லை. மனிதன் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5000 ஆண்டுகள்தான் ஆகின்றன. முகங்களையும் பொருள்களையும் வடிவம் பார்த்து அடையாளம் காணும் பகுதி மூளையின் பின்பக்கம், அடியில் இருக்கிறது. அதில் இடப்புறத்துச் சிறு துண்டு ஒன்றைத்தான் பழகப் பழக எழுத்து தனதாக்கிக்கொள்கிறது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். கலெக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே இடம், உனக்கும் அதே இடம்! முளைவிட்ட சாமை எது, களை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறாயே, வடிவம் பிரிக்கும் அந்தத் திறமையின் மேல்தான் எழுத்து வந்து உட்காருகிறது.

சீனப் பிள்ளைகளைப் பார். தொடக்கப் பள்ளி முடிவதற்குள் சுமார் 3000 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும். ‘அம்மா’வைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் பெண்ணின் குறி, வலப்பக்கம் குதிரையின் குறி. தாய்க்கும் குதிரைக்கும் உறவு ஏதும் இல்லை. பெண் பொருளைக் காட்டுகிறாள், குதிரை ‘மா’ என்ற ஒலியைத் தருகிறது. ஒரு கட்டத்துக்குள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மூளையின் பின்பக்கத்தோடு நெற்றிப்பக்கமும் கூடி உழைக்கிறது. அவர்கள் பிறவி மேதைகளா? இல்லவே இல்லை! கட்டம் போட்ட நோட்டில், கோடுகளின் வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பெய்ஜிங் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து லீ ஹாய் டான் குழுவினர் 2005-இல் வெளியிட்ட முடிவு இது: சீனத்தை வாசிக்கும் திறனும் எழுதும் திறனும் இறுகப் பிணைந்திருக்கின்றன.

உனக்கு 247 எழுத்துதான். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் அவற்றிலிருந்தே வரும். அதற்காக எளிது என்று சொல்ல மாட்டேன். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள். முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். கண் முதலில் காண்பது கொம்பை; நாக்கு முதலில் தொடுவது க-வின் ஒலியை. சிதறிக் கிடக்கும் மூன்றையும் கூட்டி மூளை ஒரே ஒலியாக்க வேண்டும். இவ்வளவு வேலை நடக்கும் இடத்தில் நீ ஒரு நொடி நின்றால் அது மக்குத்தனமா? உன் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம்! சில பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வேறு வகைப் பயிற்சி, கூடுதல் பொறுமை. பிரம்பு அல்ல, ஆசிரியர்களே.

இன்று மாலையே தொடங்கு. முறத்தில் ஒரு கை சாமையைப் பரப்பு. விரலால் ‘கொ’ எழுது. எழுதும்போதே வாய்விட்டுச் சொல். கலைத்துவிட்டு மறுபடி எழுது. வெட்கப்படாதே, உரக்கச் சொல்! கண், கை, காது மூன்றும் ஒன்றாக உழைக்கட்டும்.

பக்கத்தில் அம்மாவையும் உட்கார வை. “இனிமே எனக்கு எதுக்குடா?” என்பார். விடாதே. லக்னோ பக்கத்துக் கிராமங்களில் பள்ளிப் பக்கமே போகாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி படிக்கக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது முப்பதுக்கு மேல். ஆறே மாதத்தில் மூளையின் ஆழத்திலிருக்கும் தலாமஸ், மூளைத்தண்டு வரை மாற்றம் தெரிந்தது! உன் அம்மாவுக்கு மட்டும் வராதா? முறத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளு. அவர் பெயரின் முதல் எழுத்திலிருந்தே ஆரம்பி. அடுத்த ஆண்டு வங்கியில் கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினால், “பேனா குடுங்க சார்” என்று அவர் கேட்டு வாங்கட்டும்!