துயரப்படும் கைகளுக்கும் வேலை கொடுங்கள்

மனம் சோர்ந்து கிடப்பவரிடம், "பிறருக்கு ஏதேனும் உதவி செய்யுங்கள், கவலை குறையும்" என்று சொல்வோருண்டு. அதைக் கேட்பவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழலாம்: "என் கவலை தீர்வதற்காக நான் ஓர் ஏழைக்கு உதவினால், அது தர்மமா, சுயநலமா? என் நிய்யத்து பழுதாகி விடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தம் உள்ளம் இறுகி விட்டதாக முறையிட்ட ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி, ஏழைக்கு உணவளிப்பதும் அநாதையின் தலையைத் தடவிக் கொடுப்பதுமாகும். அவர் தம் நோய்க்குத்தான் மருந்து கேட்டு வந்தார். அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை.

சோர்ந்த மனம் தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டு ஷோனா மொழியில் இந்நிலைக்கு, 'அளவு மீறி எண்ணுதல்' என்று பொருள்படும் ஒரு சொல்லே உண்டு. அந்நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. ஆகவே, டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-ல் தலைநகர் ஹராரேயில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்தார். மருத்துவமனை வளாகத்து மரப்பெஞ்சில் அமர்ந்து, துயருற்றோர் சொல்வதைக் கேட்பதே அவர்கள் பணி. 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பாட்டிமாரிடம் பேசியவர்களிலோ நூற்றுக்குப் பதினான்கு பேருக்கே இருந்தன.

அங்கு மற்றோர் ஏற்பாடும் உண்டு. பேசி முடித்தவர்கள் ஒரு குழுவில் சேர்கிறார்கள். கூடி அமர்ந்து பைகள் பின்னியபடி ஒருவர் குறையை மற்றவர் கேட்கிறார்கள். நேற்றுக் கண்ணீரோடு வந்தவள் இன்று இன்னொருத்தியின் கண்ணீருக்குச் செவி கொடுக்கிறாள். கிடைத்த பலன் முழுவதும் இதனால்தான் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வாங்க வந்தவளைக் கொடுப்பவளாக்கும் அந்த ஏற்பாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கடுமையான மனச்சோர்வு ஒரு நோய். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் "போய் உதவி செய்" என்று கடிந்து கொள்வது உபதேசமன்று, கொடுமை. அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே நம் கடமை.

நிய்யத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நம் கவலை குறைந்ததா என்று மட்டுமே அளந்து கொண்டிருந்தால், ஏழை நமக்கு ஒரு மருந்துப் புட்டியாகி விடுவார். அவருடைய பசியைக் கண்டு நம் கவலையைச் சற்றே மறந்தோமானால், அந்த மறதியிலேயே நிய்யத்தும் சீராகி விடுகிறது.

துக்க வீட்டுக்குச் செல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்கிறோம். முதல் சில நாட்களுக்கு அது சரி. மாதங்கள் கடந்த பின்னும் அப்படியே சொன்னால், 'உம்மால் இனி யாருக்கும் பயனில்லை' என்று சொல்வது போலாகாதா? அடுத்த முறை பழங்களோடு ஒரு வேண்டுகோளையும் கொண்டு செல்லுங்கள். "என் மகனுக்குக் கணக்கு வரவில்லை, மாலையில் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு நாம் செய்யும் பேருதவி அதுவாகவும் இருக்கலாம்.