விட்டுச் சென்ற சாமானும் அமானிதமே

 

சென்ற ஜும்ஆவுக்குப் பின் நம் ஜமாஅத்து வாலிபர் ஒருவர் நம்மிடம் ஒரு சங்கதி கேட்டார். ஜொகூரில் ஒரு டேட்டா சென்டரில் அவருக்கு உத்தியோகம். 2019இல் சிங்கப்பூர் புதிய சென்டர்களை நிறுத்தி வைத்தபின் கூலாய், செடெனாக் பக்கம் இவை எப்படிப் பெருகின என்பதை நீங்கள் அறிவீர்கள். கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களை அங்குள்ள இரும்பு அலமாரிகளில் மாட்டி, இடத்துக்கும் மின்சாரத்துக்கும் மாத வாடகை கட்டுகின்றன. ஒரு வாடிக்கைக்காரர் நான்கு மாதமாகக் கட்டவில்லை. கடிதத்துக்கும் பதிலில்லை. "கழற்றி விற்றுவிடலாமா, மாமு? பாக்கி எங்களுக்குத்தானே வரவேண்டும்?" என்றார்.

நாம் பத்வா கொடுக்கும் ஆலிமல்ல. மதரஸாவில் ஓதியதும் கடையில் பட்டதுமே நம் கையிருப்பு. பாக்கி உங்கள் ஹக்கு. யந்திரம் அவருடைய பொருள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி சூரத்துன் னிஸா 58ஆம் ஆயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 622இல் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அவ்வூரார் தம்மிடம் வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றார்கள். உயிரை வாங்கச் சூழ்ச்சி செய்த ஊரின் பொருள் அது! வாடகை தராதவர் பொருள் எம்மாத்திரம்?

வாடகையை விட்டுவிடு என்று மார்க்கம் சொல்லவில்லை. நாயகம் அவர்கள் வபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. கொடுத்தவனுக்கு ஈடு கேட்க உரிமையுண்டு. கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்பதும் குர்ஆனின் கட்டளைதான். இணைப்பை எப்போது நிறுத்துவது, எப்போது விற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்த ஷரத்துப்படி நடக்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் வக்கீலைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது.

நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். நம்முடையது கம்ப்யூட்டர், கைப்பேசி ரிப்பேர் கடை. சில வருஷங்களுக்கு முன் ஒரு துணி வியாபாரி மடிக்கணினி ஒன்றைக் கொடுத்துப் போனார். கூலி 150 வெள்ளி. எட்டு மாதம் ஆள் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தோம், அடைத்திருந்தது. ரசீதில் வீட்டு விலாசம் இருந்தது, போய்ப் பார்க்கவில்லை. கூலி வரும்வரை பொருளை நிறுத்தி வைக்க 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. விற்பது வேறு என்று தெரிந்தும், டிஸ்கைத் துடைத்து 300 வெள்ளிக்கு விற்றோம். மீதி 150ம் நம் பெட்டிக்குள் போயிற்று.

அடுத்த மாதம் அவர் மகன் வந்தார். கொடுத்த சில நாளிலேயே தகப்பனார் மௌத்தாகிவிட்டார். ரசீது இப்போதுதான் பீரோவில் கிடைத்ததாம். 150 வெள்ளியை மேஜைமேல் வைத்தார். "வாப்பா யார் யாருக்குக் கடன் கொடுக்கணும்னு அதுலதான் எழுதி வச்சிருந்தாங்க." கடனைத் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா? 300ஐயும் கொடுத்தோம், கூலியை வாங்கவில்லை. அந்தக் கணக்கை எங்கிருந்து கொடுப்பது? அவர் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வாலிபரிடம் இதையெல்லாம் சொன்னோம். அலமாரியிலுள்ள டிஸ்குகளில் நோயாளிகளின் விவரமோ கடைக்காரர்களின் கணக்கோ இருக்கலாம். அவர்கள் யாரும் வாடகை பாக்கி வைக்கவில்லை. யந்திரமே வேறொருவரிடம் தவணையில் எடுத்ததாகவும் இருக்கலாம். கம்பெனி திவாலாகியிருந்தால் மற்றக் கடன்காரர்களுக்கும் பங்குண்டு.

மானேஜரிடம் பேசிவிட்டு நேற்று வந்தார். யந்திரங்களின் எண்களை இரண்டு சாட்சிகள் முன் எழுதி, டிஸ்குகளைத் திறந்து பார்க்காமல் தனி அறையில் பூட்டியிருக்கிறார்களாம். கம்பெனியின் பதிவு விலாசத்துக்கும் டைரக்டர்களின் விலாசத்துக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது. விற்கும்படி ஆனால், பாக்கி போக மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் வைக்கவும் மானேஜர் ஒப்புக்கொண்டாராம். ஒரு டைரக்டரின் விலாசம் மூவாரில். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாலிபர் நேரிலேயே போய்ப் பார்க்கிறார். நாமும் கூடப் போகிறோம்.